உபதேசியார் நடந்த வழி

திருநெல்வேலிக் கிறிஸ்தவத்தின் வரலாற்றைச் சொல்லும் பழைய நூல்கள் ஐயர்மார்கள் எனப்பட்ட ஐரோப்பிய மிஷனரிகளின் பெயரால்தான் அத்தியாயம் பிரித்துக்கொள்கின்றன. சுவார்ட்ஸ் காலம், ரேனியஸ் காலம், கால்டுவெல் காலம் என்று அவை நகரும். காரணம் எளிது. தங்களை அனுப்பிய சங்கங்களுக்கு முறையாகக் கடிதம் எழுதும் கடமை அவர்களுக்கு இருந்தது. அந்தக் கடிதங்கள் அச்சேறின, காப்பகங்களில் தங்கின. தேரிக்காட்டு மணலில் ஊர் ஊராக நடந்து திரிந்த, குருப்பட்டம் இல்லாத உள்ளூர்ப் போதகரான உபதேசியாருக்கு அப்படி எழுதும் அவசியம் இல்லை. ஐயர் எழுதிய கடிதத்தில் பல வேளை அவருக்குப் பெயர்கூட இருக்காது, ‘எங்கள் உபதேசியார்’ என்ற இரண்டு சொல்லோடு சரி. ஆனால் அதே கடிதங்களைக் கொஞ்சம் கவனமாகப் படித்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. தென் தமிழ்நாட்டில் கிறிஸ்தவ விசுவாசம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த வழிகளில்தான்: மாமன் மச்சான் வீடு, பெண் கொடுத்த ஊர், கோயில் யாத்திரை, பனங்காட்டு வேலை. அந்த வழிகளில் நடந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். வழியின் குணமும் விசுவாசத்தில் ஒட்டிக்கொண்டது. அது வேகமாகப் பரவியதற்கும், பரவிய பிறகு சாதியை விடாமல் பிடித்துக்கொண்டதற்கும் காரணம் ஒன்றே என்பது என் எண்ணம்.

இது சீர்திருத்தச் சபைகளுக்கு மட்டும் உரிய கதை அல்ல. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் திருமுழுக்குப் பெற்றது, கடலில் தங்களை நெருக்கிய போட்டியாளர்களுக்கு எதிராகப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடித்தான். பட்டங்கட்டிகள் எனும் சாதித்தலைவர்கள் கூடி எடுத்த முடிவு அது. சமூகம் முழுக்க மதம் மாறியது, ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. 1542இல் அந்தக் கடற்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் சரளமாக வரவில்லை. மொழி தெரிந்தவர்களை உட்காரவைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் செய்ததிலேயே நீடித்த காரியம் வேறு. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். மன்றாட்டு சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கல்யாணக் கணக்கு வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான விஷயம். போர்த்துக்கல் ராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து ஆண்டுதோறும் 4000 பொற்பணம் போய்க்கொண்டிருந்தது. ராணி மோட்சத்துக்குப் போக அதைவிட நல்ல பாதரட்சை கிடைக்காது என்கிற தோரணையில் எழுதி, அந்தப் பணத்தைச் சவேரியார் கணக்கப்பிள்ளைகளுக்குத் திருப்பிவிட்டார்.

அந்த ஏற்பாடு எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பது ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் சோதிக்கப்பட்டது. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் கத்தோலிக்கத்தின் எதிரிகள். பரதவர்களைத் தங்கள் சபைக்கு இழுக்க முயன்றார்கள், முடியவில்லை. ஐரோப்பிய ஆட்சியின் தயவில் வந்த மதம் என்றால், ஆட்சி மாறியதும் அதுவும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? சாதித்தலைவனும் கணக்கப்பிள்ளையும் ஊர்க்கூட்டமும் அதைத் தங்கள் சொத்தாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் இதே நிலைதான். டச்சு ஆட்சியில் குருக்கள் இல்லாமல் விடப்பட்ட கத்தோலிக்கர்களைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் வந்தபோது, சில்லாலையில் விசுவாசத்தை விடாத குடும்பங்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தன.

திருநெல்வேலிச் சீமையின் கதை பாளையங்கோட்டையில் ஒரு பெண்ணிடம் தொடங்குகிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை கோகிலா, ஓர் ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்த உறவைக் காரணம் காட்டி முதலில் ஞானஸ்நானம் தர மறுத்த சுவார்ட்ஸ், அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பெயரோடு அவர் தன்னைச் சுற்றி ஒரு சிறு சபையைச் சேர்த்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருந்தன. 1785இல் அங்கே ஒரு கோயிலும் எழுந்தது. தஞ்சாவூர் மிஷனிடம் அந்தச் சபை கேட்டது உபதேசியாரைத்தான். அப்படி வந்தவர் சத்தியநாதன். 1790 டிசம்பரில் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிக்கு அனுப்பப்பட்டார். ஆனாலும் நாற்பது பேர் கொண்ட பட்டணத்துச் சபை ஒரு மாவட்டத்தின் மதத்தை மாற்றிவிடாது. அதை மாற்றியவர் அவருக்குத் துணையாக வந்த டேவிட் சுந்தரானந்தம். சாத்தான்குளத்துக்குப் பக்கத்துக் காலன்குடியைச் சேர்ந்த நாடார் இளைஞர் அவர். வீட்டைவிட்டு வெளியேறித் தஞ்சாவூர் போய்க் கிறிஸ்தவராகி, உபதேசியாராகச் சொந்தச் சீமைக்குத் திரும்பினார்.

திரும்பியவர் சந்தையில் நின்று பிரசங்கம் செய்ததால் காரியம் நடந்துவிடவில்லை. செத்துப்போனதாக நினைத்த பிள்ளை திரும்பி வந்தால் ஒரு பனையேறிக் குடும்பத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உறவினர்கள் கூடுவார்கள், எங்கே போனாய் என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்கான பதிலே பிரசங்கம் ஆகிவிடும். அவருடைய உறவினர் வட்டத்தில்தான் 1797இல் முதல் குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. உள்ளூர் அதிகாரம் உள்ளவர்களின் தொல்லை தாங்காமல் போனபோது, 1799இல் டேவிட் தனியாக ஒரு நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். அதற்கு முதலூர் என்று பெயர். கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே ஆண்டு. பாளையங்களில் போர் நடந்துகொண்டிருந்த சீமையில், நாலு மரத்தடியில் ஒரு குடியிருப்பு. அடுத்த சில ஆண்டுகளில், குறிப்பாக 1802–03இல், ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி சத்தியநாதனும் மற்ற உள்நாட்டு ஊழியர்களும் கொடுத்தது. சுற்றுப்பயணமாக வந்த கெரிக்கே ஐயர், ஏற்கெனவே ஆயத்தமாகக் காத்திருந்த ஊர்களுக்குத்தான் போனார்.

அதன்பின் வந்த வெறுமை என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. இங்கே உழைத்த ஐயர்களில் ஜெனிக்கே 1800இலும் கெரிக்கே 1803இலும் இறந்தார்கள். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் திருநெல்வேலியில் நிலையாகத் தங்கிய ஐரோப்பிய ஐயர் ஒருவரும் இல்லை; தஞ்சாவூரிலிருந்து பணமும் ஒழுங்காக வரவில்லை. கொள்ளைநோயும் பஞ்சமும் வந்தன. பலர் பழைய வழிபாட்டுக்கே திரும்பினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. 1816இல் பாளையங்கோட்டைப் படை முகாமின் குருவாக ஜேம்ஸ் ஹஃப் வந்து விசாரித்தபோது சுமார் 3000 கிறிஸ்தவர்கள் மிச்சம் இருந்தார்கள். ஆபிரகாம் என்ற ஒரே ஒரு நாட்டுக் குருவும் சில உபதேசியார்களும் அவர்களைக் கட்டிக் காத்திருந்தார்கள். பத்து ஆண்டு நிலையான கவனிப்பு இல்லாத நிலையிலும் 3000 பேர் நின்றது, 1803இல் வந்த கூட்டத்தைவிடப் பெரிய செய்தியாக எனக்குப் படுகிறது.

உறவு ஒரு வழி என்றால், யாத்திரை இன்னொன்று. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் சமூகத்து மகாராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர். அங்கே மனநிறைவு கிடைக்காமல் தஞ்சாவூரில் இருந்த உறவினர்களைப் பார்க்கப் போனார், கோலோஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார், வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தன் வீட்டாருக்கும் அயலாருக்கும் அவரே கற்றுக்கொடுத்தார். ஆசிரியர் வேண்டும் என்று தஞ்சாவூருக்குச் சொல்லியனுப்பியதும் அவர்தான். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருவிதாங்கூருக்குள் வந்தபோது அவரை ஏற்க மயிலாடியில் ஒரு சபை தயாராக இருந்தது. 1809இல் அங்கே கோயில் கட்டப்பட்டது. இன்றைய குமரி மாவட்டத்துச் சீர்திருத்தச் சபையின் தொடக்கம், ஒரு சிவபக்தர் சிதம்பரம் போய்விட்டுச் சுற்றுவழியில் வீடு திரும்பிய பயணம்.

உபதேசியாரின் அன்றாடம் எப்படி இருந்தது? குருப்பட்டம் இல்லாததால் அவர் திருவிருந்து கொடுக்க முடியாது. மற்றதெல்லாம் அவர் தலையில். பனையேறிகள் விடியுமுன் மரத்துக்குப் போய்விடுவார்கள். பதநீர்க் காலத்தில் பெண்கள் பகல் முழுக்கக் கருப்புக்கட்டி காய்ச்சும் அடுப்பில் நிற்பார்கள். ஆகவே அவர் அவர்களுடைய வேலைக்கு இசைந்து நேரம் பார்த்தார். மாலையில் மணியடித்தால் ஊர் கூடும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பரமண்டல ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனை எல்லாம் வாய்ப்பாடம். ஒரு வரியை அவர் சொல்வார், ஊர் திருப்பிச் சொல்லும். நாள்கணக்கில் அதே வரி. காலையில் அவரே பள்ளிக்கூட வாத்தியார், மணலில் விரலால் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். நடுவில் நோயாளிக்கு ஜெபம், வரி வசூலிக்க வந்தவரோடு வாக்குவாதம், கல்யாணப் பேச்சு. பிரசங்கத்தை ஓலையில் எழுதிக்கொள்ளும் பழக்கம் பல இடத்தில் இருந்தது. 1806இல் தஞ்சாவூருக்கு வந்த குரு கிளாடியஸ் புக்கானன், தம்மைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் இரும்பு எழுத்தாணியால் பனையோலையில் பிரசங்கத்தைக் கீறிக்கொண்டிருந்ததை வியப்போடு குறித்திருக்கிறார். அப்படிக் கீறிய ஓலைகள் அடுத்த வாரம் இன்னொரு ஊருக்குப் போகும். அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்னும் வந்த பிறகும் பிரசங்கம் பயணப்பட்டது இந்த வாகனத்தில்தான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸின் பெருமை இதைச் சட்டென்று புரிந்துகொண்டதில் இருக்கிறது. உபதேசியார்களை முறையாக வரவழைத்து, அறிக்கை கேட்டு, பாடம் நடத்தித் திருப்பி அனுப்பினார். 1835இல் தம்மை அனுப்பிய சங்கத்தோடு பிணக்காகி அவர் வெளியேற்றப்படும்போது சபைகளின் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இதெல்லாம் சரி, வந்தவர்கள் விசுவாசத்துக்காகவா வந்தார்கள், சோற்றுக்கும் பாதுகாப்புக்குமா என்ற கேள்வி அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது. இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. 1877–78 பஞ்சத்தில் திருநெல்வேலியின் ஒரு மிஷன் சங்கத்தில் மட்டும் இருபதாயிரத்தை நெருங்கும் மக்கள் சேர்ந்தார்கள். பஞ்சம் தீர்ந்தபின் பலர் விலகியும் போனார்கள். ரேனியஸ் 1830இல் ஏற்படுத்திய தர்ம சங்கம் நிலம் வாங்கிக் கிறிஸ்தவ ஊர்களை அமைத்தது. நிலம் கிடைப்பது ஏழைக்குப் பெரிய ஆசைதான். ஆனால் இந்த வாதத்தை முழுதாக ஏற்பவர்கள் இரண்டு விஷயங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது, சேர்ந்ததால் இழந்தவர்கள். 1840களில் நல்லூர் வட்டாரத்தில் விபூதிச் சங்கம் என்ற பெயரில் கூடிய கூட்டம் கிறிஸ்தவ ஊர்களைத் தாக்கிக் கொள்ளையடித்தது. அதற்கு முந்திய தலைமுறையில் முதலூர்க்காரர்கள் பட்டதும் தெரிந்ததே. லாபம் பார்த்து வந்தவர்கள் இந்த நஷ்டத்தின் நடுவில் நின்றதற்கு வேறு காரணம் வேண்டும். இரண்டாவது, காரணங்களை இப்படிப் பிரிப்பதே அந்த மக்களின் வாழ்வுக்குப் பொருந்தாது. மழை, மாடு, மகப்பேறு, பேய்பிடி, அடி வாங்காமல் இருப்பது எல்லாவற்றையும் சாமியிடம் கேட்டவர்கள் அவர்கள். காக்காத சாமியை விட்டுக் காக்கிற சாமியிடம் போவது அவர்கள் அறிந்த பக்திக்கு முரணானது அல்ல. சுத்தமான விசுவாசம், அசுத்தமான ஆதாயம் என்று இரண்டு பெட்டி வைத்துப் பிரித்தவர்கள் அறிக்கை எழுதிய ஐயர்களும் அவர்களைக் கண்டித்து எழுதியவர்களும்தான்.

ஆங்கில ஆட்சி இல்லாமல் இது நடந்திருக்குமா என்ற கேள்விக்குக் கால வரிசையே பாதிப் பதில் சொல்லிவிடும். முதலூரும் 1803 கூட்டமும் மயிலாடிச் சபையும் கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளுக்குக் கதவைத் திறந்த 1813க்கு முந்தியவை. 1806 வேலூர்க் கலகத்துக்குப் பிறகு, மதம் மாற்றுவோரால்தான் தொல்லை வருகிறது என்று கம்பெனியிலேயே பலர் எரிச்சல்பட்டார்கள். மறுபாதிப் பதிலையும் சொல்லியாக வேண்டும்: பின்னாளில் கச்சேரிக்கு மனு எழுதிக் கொடுக்க ஒரு வெள்ளைக்கார ஐயர் இருப்பது உபதேசியாரின் பேச்சுக்கு எடை கூட்டியது உண்மைதான்.

உபதேசியார் மிஷனரியிடம் சம்பளம் வாங்கியவர், அவரைத் தனி மனிதராகக் காட்டுவது மிகை என்று ஒருவர் மறுக்கலாம். சம்பளம் உண்மை. ஆனால் கூலிக்காரர் கற்றுக்கொண்ட வேதத்தை முதலாளிக்கு எதிராகத் திருப்புவதில்லை. சட்டம்பிள்ளை திருப்பினார். மிஷன் பள்ளியில் படித்து நாசரேத் வட்டாரத்தில் உபதேசியாராக இருந்தவர் அவர். அங்கிருந்த ஐயரோடு மோதினார். சட்டம்பிள்ளையின் நாடார் சமூகத்தைத் தாழ்த்திக் கால்டுவெல் எழுதிய நூல் அந்தக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. 1857இல் பிரகாசபுரத்தில் தனிச் சபை தொடங்கினார். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், ஓய்வுநாள் சனிக்கிழமைதான் என்றார். அதற்கான ஆதாரங்களை ஐயர்கள் கையில் கொடுத்த அதே பைபிளிலிருந்து எடுத்தார். இதற்கு எதிர்ப்பக்கத்துச் சான்று ராக்லாண்டு ஐயர். கேம்பிரிட்ஜில் படித்த கணித மேதை, எளிமையில் துறவி. 1854இலிருந்து வடக்குத் திருநெல்வேலியில் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் பிரசங்கித்து, 1858இல் சிவகாசியில் உயிரை விட்டார். அவருடைய உழைப்புக்குக் கிடைத்த அறுவடை மிகச் சிறியது. அந்தப் பக்கத்தில் அவருக்கு மாமனும் இல்லை மச்சானும் இல்லை.

இந்த வழிக்குக் கொடுத்த விலை சாதி. உறவு வழியாகப் போகும் செய்தி உறவின் எல்லையில் நின்றுவிடும். பெண் கொடுக்காத வீட்டுக்குள் அது தயங்கித்தான் நுழையும். சீகன்பால்கு 1706இல் தொடங்கிய தரங்கம்பாடி மிஷனிலேயே இது தெரிந்துவிட்டது. கடலூர் வேளாளர் ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ்ச் சீர்திருத்தக் குரு ஆனார். அதே காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்தில் அயராது உழைத்த ராஜநாயக்கன், படைவீரராக இருந்தவர், பறையர். திறமையில் யாருக்கும் இளைத்தவர் அல்லர். ஆனால் 1741இல் குருப்பட்டம் டியோகோ என்ற இன்னொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கையால் திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் மாட்டார்கள் என்பதே தடை. கத்தோலிக்கப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி, இரண்டு கூடங்கள் பீடத்தில் வந்து சேரும்படி ஒரு கோயிலையே கட்டினார்கள். நடுச்சுவர் இடிபட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், அதுவும் வழக்கு வம்புக்கு நடுவில். ஐயர்கள் சாதியைக் கண்டித்தார்கள், சிலர் கடுமையாகவே. கண்டித்துப் பயன் குறைவாக இருந்ததற்கு மக்களின் பிடிவாதத்தை மட்டும் குறை சொல்வது சரியல்ல. எந்தச் சாதிக்கட்டு விசுவாசத்தை ஆயிரம் வீடுகளுக்குள் கொண்டுபோனதோ அதையே அறுக்கச் சொன்னார்கள். சபை வளர வேண்டும், வளர்ந்த வழியும் அழிய வேண்டும் என்றால் எப்படி?

உறவு வழியே விசுவாசம் பரவும் இந்த விதி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதா என்பதைத் திருநெல்வேலிக்காரர்களே சோதித்துப் பார்க்கும் நிலை வந்தது. 1854இல் இலங்கை மலையகத் தோட்டங்களில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்கு இங்கிருந்து உபதேசியார்கள் போனார்கள். அங்கே மொழியும் ஊர்த்தொடர்பும் கைகொடுத்தன. 1903இல் பாளையங்கோட்டையில் வே. ச. அசரியாவும் நண்பர்களும் தொடங்கிய இந்திய மிஷனரிச் சங்கம் தேர்ந்தெடுத்தது நிஜாம் ராஜ்யத்து டோர்னக்கல். பணமும் ஆளும் திருநெல்வேலியினுடையவை, ஊர் தெலுங்கு ஊர். வெள்ளாளன்விளைக் குருவின் மகனான அசரியா அங்கே ஓர் அந்நியர். புது மொழி கற்று, அறியாத சாதிகளின் நடுவே, ஒரு வெள்ளைக்கார மிஷனரி திருநெல்வேலியில் நின்ற அதே இடத்தில் நின்றார். 1912இல் அவர் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். அவர் காலத்தில் டோர்னக்கலில் ஆயிரம் ஆயிரமாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்தார். அவர்களைச் சேர்த்தது அந்தச் சமூகத்துக் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் சொன்ன பேச்சு. அசரியா அதை அறிந்தே வேலை செய்தார். கிராம உபாத்தியாயர்களைத் தம்பதியாகவே தேர்ந்தெடுத்து, கணவனுக்குக் கொடுத்த பயிற்சியை மனைவிக்கும் கொடுத்து, அவர்களுடைய சொந்தச் சனங்களிடம் அனுப்பினார்.